நனைந்த மருந்து

பென்சில்வேனியக் காட்டின் பனிக்கால மான் வேட்டையில் எழுதப்படாத விதி ஒன்றுண்டு: சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய துப்பாக்கி வெடிக்காவிட்டால், சுட்டவரைக் குறை சொல்லாமல் வெடிமருந்து நனைந்துவிட்டது என்றே எல்லோரும் சொல்ல வேண்டும்.

எல்வுட்டின் துப்பாக்கி இவ்வாண்டும் விசையருகே புகைந்ததோடு அடங்கியது. எதிரே நின்ற மான் ஓடி மறைந்தது.

"நனைஞ்சிருச்சு போல," என்றார் வெர்ஜில். வயதாகி, மருந்து கெட்டிக்கும் நண்பரின் கை தளர்ந்துவிட்டதென்றே அவர் நம்பினார். அடுத்த ஆண்டு எல்வுட்டை அழைப்பதில்லை என்று வேட்டைக் குழுவினர் முடிவெடுத்திருந்தார்கள். அதைச் சொல்லும் பொறுப்பு வெர்ஜிலுடையது.

"எல்வுட்... அடுத்த வருஷம் நீ வீட்லயே கணப்புப் பக்கத்துல..."

"என்னைக் கழட்டி விடுறீங்களாடா?"

"ஆறு வருஷமா உனக்கு மட்டும் நனையுதேடா!"

"நனையலடா! புகை வர விசைப் பக்கத்துல மட்டும் துளி வெச்சேன், குழலுக்குள்ள நான் மருந்தே போடல. மானைக் கொல்ல மனசு வரல. உங்களை விட்டுட்டு வீட்ல உக்காரவும் மனசு வரல."