ஸ்டாண்டு மாப்பிள்ளை

"பெத்த பொண்ணு வலிப்பு வந்து கிடக்குது. இவரு படம் எடுத்துக்கிட்டு நிக்கிறாரு. நீங்கல்லாம் மனுஷன்தானா மாப்பிள்ளை?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயசுக்காரிக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணி, கை வெட்டி வெட்டி இழுத்தது. இது மூன்றாவது தடவை. பெற்றவள் அலறிய அலறலில் பக்கத்து அறையிலிருந்து அவள் அண்ணன், குழந்தையின் தாய்மாமன், ஓடிவந்து பார்த்தால், மாப்பிள்ளை செல்போனும் கையுமாக நிற்கிறார்.

மாப்பிள்ளை கல்யாண வீடியோக்காரர். எத்தனை பேர் இடித்தாலும் கேமரா ஸ்டாண்டு மாதிரி கை இம்மி ஆடாது என்பதால் தொழிலில் அவருக்குப் பெயரே 'ஸ்டாண்டு'. அந்தப் பெயரை நினைத்தாலே மாமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல் நெஞ்சுக்காரனுக்குக் கை எங்கே ஆடும்?

பல்லுக்கு நடுவில் வைக்கிறேன் என்று மாமன் ஸ்பூனோடு பாய்ந்தான்.

"வாயில எதையும் வைக்காதீங்க. கொஞ்சம் தள்ளுங்க, முகம் மறையுது" என்றார் ஸ்டாண்டு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முகம் மறையுதாம். மாமன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

இரண்டு நிமிஷத்தில் எல்லாம் அடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிஸ்கட் கேட்டது.

"எப்படி வந்துச்சு?" என்றார் டாக்டரம்மா.

"உடம்பு பூரா உதறுச்சு டாக்டர்" என்றாள் தங்கச்சி.

"இல்ல, காலுதான். இந்தா பாருங்க, இப்படி" என்று மாமன் நாற்காலியில் சரிந்து, கண்ணைச் செருகி, காலை உதைத்துத் தத்ரூபமாக நடித்துக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்தா நர்ஸ் உள்ளே வர வேண்டும்? ஒரே தூக்காகத் தூக்கி அவனைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்கப் போட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

"எனக்கு இல்லம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அசையாம படுங்க."

குழந்தை கைதட்டிச் சிரித்தது.

ஸ்டாண்டு போனை நீட்டினார். "போன தடவை நீங்க கேட்ட படம், டாக்டர்."

மாமன் படுத்தபடியே விழித்தான்.

டாக்டரம்மா முழுசாகப் பார்த்தார். "ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு எடுத்திருக்கீங்க. எவ்வளவு நேரம்னும் தெரியுது. இதுதான் எனக்கு வேணும். தூக்கத்துல மட்டும் வர்ற வகை மாதிரி இருக்கு. டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். அதுதான்னா பெரும்பாலும் வளர வளரப் போயிடும், பயப்படாதீங்க."

தங்கச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டாக்டரம்மா படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"ஒண்ணு மட்டும் புரியல. குழந்தைக்கு வாயும் ஒரு கையும்தான் துடிக்குது. ஆனா கட்டிலு, சுவரு, ஜன்னலு எல்லாம் ஏன் இப்படி உதறுது?"

ஸ்டாண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"அது என் கை, டாக்டர்."