விடுபட்ட ஓர் ஒற்று

காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தட்டச்சுக் கடையின் கம்ப்யூட்டர் திரையில் படிந்த தூசி மாலை வெயிலில் பொன்னாய் மின்னுகிறது. ஜெரினா, கம்ப்யூட்டரின் உள்பதிவேடான ரிஜிஸ்ட்ரியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். எப்போதோ நீக்கிய விளையாட்டுகளின் பெயர்கள் அங்கே இன்னும் கிடக்கின்றன; இல்லாத அவற்றைத் தேடித்தான் கம்ப்யூட்டர் தினமும் திணறுகிறது. அச்சுக்காக அடித்து வைத்த அந்தோணியார் நவநாள் செபப் புத்தகத்தின் அறுபது பக்கமும் அதற்குள் இருப்பதால், கணவன் மரிய ஜெரால்டு அவள் நாற்காலியை இறுகப் பிடித்தபடி நிற்கிறான். “பாத்து ஜெரினா, வேற எதையும் அழிச்சிறாத.” “அழிக்கப்போறதை எல்லாம் முதல்லயே பிளாப்பியில நகல் எடுத்துட்டேன். நீங்க ஏன் இப்படி வேர்த்து ஊத்துறீக?” ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகே அவள் அழிக்கிறாள், தெரியாத பெயரைத் தொடாமல் விடுகிறாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போடுகிறாள். உள்ளே கரகரவென்று சத்தம். வெளியே நடத்துனர் அமராவதிபுதூருக்கு ஆள் கூப்பிடுகிறார். ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் திரை விரிகிறது. நவநாள் புத்தகமும் திறக்கிறது. ஜெரால்டு குனிந்து, பக்கம் பக்கமாகப் பார்த்து வந்தவன் சட்டென்று நிறுத்துகிறான். “ஏய், இங்குட்டு ஒரு ‘க்’ போயிருச்சே!” “அது நான் அடிக்காம விட்டதுங்க,” என்று ஜெரினா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவனும் சிரித்துக்கொண்டே, ஒற்றை விரலால் தேடித் தேடி அந்த எழுத்தைச் சேர்க்கிறான்.