கடைசித் தாள்

சீவலப்பேரியிலிருந்து பஸ் ஏறி வந்த சுடலைவடிவு, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்களை வக்கீல் ரத்தினசபாபதியிடம் நீட்டினாள்.

"புது மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து தலை சுத்துது ஐயா. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

முதல் பக்கத்தைப் படித்ததுமே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பழைய சுகர் மாத்திரைய நிறுத்திட்டியா?"

"அவியதான் நிறுத்தச் சொன்னாவ."

"இது புது மருந்துச் சோதனைம்மா. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் குடுப்பாவளாம். உங்கிட்ட சொன்னாவளா?"

"இல்லையே. கைநாட்டு மட்டும் வாங்கினாவ."

"வாய்க்குள்ள நுழையாத தமிழ்ல எழுதி ஏழை சனத்து தலையில கட்டியிருக்கானுவ! இதுக்கு எவன் அனுமதி குடுத்தான்?"

"ஏதாச்சும்னா கடைசித் தாள்ல இருக்க நம்பருக்குப் பேசச் சொன்னாவ ஐயா."

"இப்பவே போடு. நான் கேக்கேன் அவன!"

எழுத்துத் தெரியாத சுடலைவடிவு கடைசித் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் பார்த்துத் தன் போனில் அழுத்தினாள்.

வக்கீலின் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். தெரியாத நம்பர். அவர் பார்வை மெல்ல அந்தத் தாளுக்குப் போனது. 'புகார்களுக்கு: நெறிமுறைக் குழு, சட்ட உறுப்பினர்' என்று இருந்தது. அதன் கீழே அவர் பெயரும் நம்பரும். போன மார்ச்சில், டீ ஆறுவதற்குள் எட்டு மருந்து ஆராய்ச்சிகளுக்கு அனுமதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்த கூட்டம் நினைவுக்கு வந்தது.

போன் அடித்து ஓய்ந்தது.

"எடுக்க மாட்டேங்காவ ஐயா," என்றாள் சுடலைவடிவு. "அவியளுக்கு என்ன சோலியோ, பாவம்."