எலியா, மாப்பிள்ளையா?

"பிரேக் பெடல் கருங்கல்லு மாதிரி இருக்குப்பா. மிதிச்சு மிதிச்சு முட்டியே கழண்டு போச்சு. காம்பவுண்டுச் சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போதுதான் வண்டி நின்னுச்சு. நான் பொழைச்சது மறுபிழைப்பு!"

மாமியார் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். பக்கத்தில் சாதாரண உடையில் நின்றவர் அவருடைய தம்பி, போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். அக்கா போன் செய்ததும் ஓடி வந்து, காரை ஆமை வேகத்தில் ஓட்டி இந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

"இதுல யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அக்காவுக்குச் சந்தேகம்," என்றார் தம்பி.

"யாரோ என்னடா யாரோ? மாப்பிள்ளைன்னு வாயைத் திறந்து சொல்லு!"

மெக்கானிக் கையைத் துடைத்தபடி நிமிர்ந்தார். "உங்க மாப்பிள்ளை சாரா? எங்ககிட்டதானே எப்பவும் வண்டி விடுவார்? தங்கமான மனுஷனாச்சேம்மா."

"தங்கமோ தகரமோ, நேத்து பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டுக் குனிஞ்சிருந்ததை எதிர்வீட்டுக்காரி பார்த்தா. கேட்டா, தண்ணி ஊத்தினாராம். வீடு என் பேர்ல இருக்கு. வெள்ளிக்கிழமை என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்கே குடி போறார். போறதுக்குள்ள என் கதையை முடிச்சிட்டா வீடும் கைக்கு வந்துடும்ல?"

மெக்கானிக் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜினைப் போடாமல் பெடலை நாலைந்து தடவை மிதித்தார். பிறகு காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நடுங்கிக்கொண்டே கிளம்பியது. பெடல் அசையவில்லை.

"ஸ்டார்ட் ஆனதும் பெடல் தானா கொஞ்சம் கீழ இறங்கணும். இறங்கலை, பாருங்க. நாம மிதிக்கறப்ப பாதி வேலையை பூஸ்டர்தான் செய்யும். இன்ஜின் காத்தை உறிஞ்சினாத்தான் பூஸ்டருக்குத் தெம்பு. அந்தக் குழாய்ல எங்கயோ ஓட்டை விழுந்திருக்கு."

பானெட்டைத் தூக்கியதும் 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டு, கையை உள்ளே விட்டு, தம்பியிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் வெளியே வந்தது. நடுவில் பாதிக்கு மேல் அறுந்து தொங்கியது.

"வெட்டுதானே?" தம்பியின் குரல் போலீஸ் குரலாக மாறியது. "வெட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள மாப்பிள்ளையைத் தூக்கி உள்ள வெச்சிடறேன். வெள்ளிக்கிழமையாவது, குடி போறதாவது!"

மெக்கானிக் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எலி சார்."

"எலியா!" மாமியாருக்கு முகமெல்லாம் சிவந்து போனது. "எங்க வீட்ல எலியே கிடையாது."

"வீட்ல இல்லாட்டி என்னம்மா? இன்ஜின் சூட்டுக்கு வந்து படுத்துக்கும். படுத்தா வாய் சும்மா இருக்குமா?"

"கத்தி பட்ட தடம் தெரியலை? கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருய்யா!" என்றார் மாமியார்.

"கத்தியா இருந்தா வெண்ணெய்ல இறங்கின மாதிரி நேரா இறங்கியிருக்கும். இது கொறிச்சுக் கொறிச்சு எடுத்திருக்கு."

அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கின் போன் அடித்தது. அவர் திரும்பி நின்று குரலைத் தணித்துக்கொண்டார். "சொல்லுங்க சார்... ஆமா, அம்மா இங்கதான் இருக்காங்க... எலின்னு சொல்லிட்டேன் சார்... சரி சார், நான் பார்த்துக்கறேன்."

"கேட்டியாடா?" மாமியார் தம்பியின் கையைப் பிடித்து உலுக்கினார். "மாப்பிள்ளைதான் பேசறார்! ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க!"

தம்பிக்கும் சுருக்கென்றது. குழாயைப் பிடுங்கினார். அறுந்த இடத்தை விரலால் தடவினார், கண்ணருகே கொண்டுபோனார், முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, நான் பார்க்காத வெட்டா? இது பல்லேதான். இதை வெச்சு கேஸ் போட்டா ஸ்டேஷனே என்னைப் பார்த்துச் சிரிக்கும். மலையைக் கல்லி எலியைப் பிடிச்ச கதையாப் போச்சு."

"அப்போ அவர் வெள்ளிக்கிழமை என் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாரா?" மாமியார் பொலபொலவென்று அழுதுவிட்டார். பெற்ற ஒரே மகள். அழுகையில் நடிப்பு இல்லை.

"போனா என்னக்கா? நல்ல மனுஷன்கூடத்தானே போறா? பாவம், அவரைப் போய்க் கொலைகாரனாக்கிட்டோமே!" தம்பிக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

மெக்கானிக் புதுக் குழாயை மாட்டி, மறுபடி பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தார். இந்தத் தடவை பெடல் மெத்தென்று இறங்கியது. "இனிமே கால் வெச்சாப் போதும், நிக்கும். மாப்பிள்ளை சார் பதறிப்போய்க் கேட்டாரும்மா. 'அத்தை தனியா ஓட்டுவாங்க, சரியாப் பார்த்து அனுப்புங்க'ன்னார்."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். தம்பி ஸ்டேஷனுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வழியில் ஒரு பாத்திரக் கடையைப் பார்த்ததும் மாமியார் பிரேக்கை மிதித்தார். கார் பூப்போல நின்றது.

"கத்தி குடுப்பா. நல்ல கூரா இருக்கணும். வீட்ல இருக்கற மொக்கையால ஒரு ரப்பர் குழாயை அறுக்கறதுக்குள்ள கை செத்துப் போச்சு. அறுத்ததைப் பார்த்துட்டு எலி கடிச்சதுங்கறானுங்க!"