கிளட்ச் பாடம்

டிரைவிங் ஸ்கூல் நடத்திய மனைவி, ஆசையாக முன்பதிவு செய்த ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். தையல் மிஷினைத் தவிர எதையும் மிதித்தறியாத கணவர், தானே அதை ஓட்டிப் பழகினார்.

அவர் வெடுக்கென்று காலை எடுத்தாலும் கிளட்ச் மெதுவாகத்தான் எழுந்தது. அவளுடைய பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு கிளட்ச் உண்டு. மாணவர் தேறும்வரை அதில் அவள் கால் இருக்கும். இந்தக் காரில் அது கிடையாது.

"இன்னுமா பழகுறீங்க, மாமா?" என்றான் மைத்துனன்.

"நான் மக்குப்பா," என்றார் சந்தோஷமாக.

நேற்று ஏதோ நினைப்பில் அழகாக ஓட்டிவிட்டார். கிளட்ச் முழுக்க அவர் காலுக்கே கட்டுப்பட்டது. தெருமுனையில்தான் உறைத்தது. நிறுத்தி, மறுபடி கிளப்பி, வேண்டுமென்றே வெடுக்கென்று காலை எடுத்தார். கார் குலுங்கி அணைந்தது.

"எனக்கு இன்னும் வரலைடி," என்றார் பக்கத்து இருக்கையிடம்.