பிறந்த வீட்டுக்குப் போகும் இன்ஜின்

“நம்மூர்ல உழைச்ச இன்ஜினைச் சீமைக்கு எதுக்குங்க அனுப்போணும்?” என்று நேற்று கண்ணாயி கேட்டபோது, “அது பொறந்த ஊட்டுக்குப் போவுது, பிள்ள. தடுத்தா பாவம்!” என்றான் அவள் கணவன் சென்றாயன்.

இப்போது காரவள்ளி மரக்கிடங்கில் வெயில் கொதிக்கிறது. ஒரு காலத்தில் இங்கே கட்டைகளை இழுத்த அந்தச் சின்ன ரயில் இன்ஜினைச் சங்கிலி போட்டு லாரியில் ஏற்றுகிறார்கள். அதைச் செய்த சீமையிலேயே, லண்டனில் காட்சிக்கு வைக்கப் போகிறார்களாம். கிடங்குக் காவல்காரனான சென்றாயன் அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைக்கிறான். சோறு கொண்டுவந்த கண்ணாயிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதிரே தெரிகிற மலைமேல்தான் அவள் பிறந்த வீடு. கல்யாணப் பந்தியில் அவள் அண்ணன் தன்னை மதிக்கவில்லை என்று முறுக்கிக்கொண்ட சென்றாயன், அன்றிலிருந்து அவளை அங்கே அனுப்பவேயில்லை. அவளும் வாய் திறந்து கேட்டதில்லை. “மகளை அனுப்பற மாதிரி அழுவறயேப்பா!” என்று லாரிக்காரர் சிரிக்கிறார். “பொறந்த ஊட்டைப் பாக்க அதுக்கும் ஆசை இருக்காதுங்களா?” என்கிறான் சென்றாயன். கண்ணாயி சோற்றுத் தூக்குப்போசியை லாரிப் பலகையில் ணங்கென்று வைக்கிறாள். சங்கிலி இழுக்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

“இரும்புக்கே ஆசை இருக்கும், எனக்கு இருக்காதுங்களா? எங்கம்மாளைப் பாக்கோணும். என்னை மலைக்கு அனுப்புங்க!”