தீர்ந்துபோகும் மை

பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாக மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் விபத்தில் போய்விட்ட தம்பியின் பேனாவை அக்கா கழற்றுகிறாள். மை காய்ந்து இறுகியிருக்கும் என்று ஒரு கிண்ணம் வெந்நீர்கூட வைத்திருக்கிறாள். ஆனால் முள் பகுதி விரல் பட்டதும் சுழன்று வருகிறது. பின்பக்கத் திருகைத் திருப்பினால் மையை உறிஞ்சும் பிஸ்டன் உள்ளே வழுக்கிக்கொண்டு இறங்க, கிண்ணத்தில் புத்தம்புது நீலம் புகைபோலப் பரவுகிறது. அவள் சட்டென்று நிமிர்கிறாள். "அப்பா, இதுல யாரு எழுதுறாங்க?" கதவைப் பிடித்தபடி நிற்கும் அப்பா குரலைத் தாழ்த்துகிறார். "நான் எழுதுறதில்லம்மா. மாசம் பொறந்தா மை மட்டும் ஊத்தி வைக்கிறேன். அடுத்த மாசம் பாத்தா தீர்ந்திருக்கு. அவன்தான்." அவள் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். மயிரிழை விரிசல் ஒன்று. அதன் வழியே வெயில் உள்ளே கசிகிறது. மை காற்றோடு போயிருக்கிறது, அவ்வளவுதான். சொல்ல வாயெடுக்கிறாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல அப்பா அவள் வாயையே பார்க்கிறார். அவள் மூடியைக் கீழே வைத்துவிட்டுப் பாகங்களை வெந்நீரில் அலசித் துடைத்து, பிஸ்டன் விளிம்பில் துளி கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாகப் பூட்டுகிறாள். முள்ளை மைப்புட்டியில் முக்கித் திருகைத் திருப்ப, மை களுக்கென்று மேலேறுகிறது. "போதுமாம்மா அவனுக்கு?" என்கிறார் அப்பா. "போதும்ப்பா. எழுதட்டும்." விரிசல் விட்ட மூடியையே மாட்டுகிறாள். வெந்நீரின் சூடுதான்; ஆனாலும் இப்போதுதான் யாரோ எழுதிவிட்டு வைத்ததுபோலப் பேனா அவள் கைக்குள் கதகதவென்று இருக்கிறது.